கறுத்த தண்ணீரும் வெளிறிய தண்ணீரும்

அவளுக்கு முழங்கை வரைக்கும் நீலம். நகக்கண்ணில் மட்டும் ஒரு சொட்டு ஊதா. எந்தச் சோப்புக்கும் அந்த நிறம் அசைந்து கொடுத்ததில்லை. தூங்கும்போது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டால், ஜன்னல் வழியே எட்டிப்பார்த்த விடியல் 'ஏற்கெனவே வானம் இங்கே இருக்கிறதே' என்று திரும்பிப் போய்விடுமாம். இப்படி அவள் புருஷன் சொல்வான். அவன் பஸ் கண்டக்டர். இல்லாத சீட்டை இருப்பதாகச் சொல்லி ஆளேற்றுகிறவன். அவன் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் தெருவே அவளை நீலக்கை என்றுதான் கூப்பிட்டது.

சாயப்பட்டறையில் நிறத்துக்கு நிறம் ஒத்துப் பார்க்கிற வேலை அவளுடையது. யாராவது நைந்துபோன ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து 'இதே நிறத்தில் வேணும்' என்றால், பட்டறை முதலாளி முதல் தொட்டி கழுவுகிறவன் வரை அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, 'மஞ்சள் கொஞ்சம், பழுப்பு அதைவிடக் கொஞ்சம், கறுப்புல ஒரு கிள்ளு' என்பாள். அப்படியே போடுவார்கள். அப்படியே வரும். ஒருமுறை மாதிரித் துணியைத் தொலைத்துவிட்டு வந்த ஒருவர், 'என் மாமியார்கிட்ட நான் குடை கடன் கேட்டப்ப அவங்க முகம் எந்த நிறத்துல போச்சோ, அந்த நிறம்' என்று மட்டும் சொன்னார். அவள் அதையும் போட்டுக் கொடுத்தாள். மாமியார் அந்தத் துணியைப் பார்த்ததும் முகம் மறுபடி அதே நிறத்துக்குப் போனதாம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூலிழை வித்தியாசம் இல்லையாம். எத்தனை மணிக்கு மழை வரும் என்று அவள் மேகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாள். அந்த மேகத்தின் நிறம் வர எந்தெந்தப் பொடி எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் சொல்லிவிடுவாள்.

பட்டறைச் சுவருக்குப் பின்னால் நீளமாக ஒரு துண்டு நிலம். அதில் வெங்காயம் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவள் அவளுடைய நாத்தனார், கண்டக்டருக்கு அக்கா. அந்த அம்மாள் முறைத்தாலே களைகளில் பாதி வாடிவிடும். மீதியைக் கையால் பிடுங்குவாள். ஆனால் போன மழையில் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் முதுகில் கத்தி வைத்து, இரும்பு வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூலிக்குக் களை எடுக்க வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் பிஸ்கெட் கம்பெனியில் உட்கார்ந்தபடி பொட்டலம் கட்டும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. உட்காரக் கிடைக்கும்போது யார் குனிவார்கள்?

ஆக, நாத்தனார் வரப்பில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணெதிரே கோரையும் கீரைக்களையும் வெங்காய நாற்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தன.

நிலம் அவளுடையது இல்லை. பக்கத்து லாரி ஷெட்காரருடையது. செத்துப்போன அவள் புருஷனிடம் வைத்திருந்த நட்புக்காக விட்டுவைத்திருந்தார். இப்போது அவரிடம் லாரிகள் பெருகி, நிறுத்த இடமில்லாமல் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஒருநாள் அவரே வந்தார். ஆள் பெரியவர், சிரித்தால் ஷெட் தகரம் அதிரும். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அக்கா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அறுவடைக்கு முன்னாடி வந்து பாப்பேன். பயிர் நின்னா நிலம் உங்ககிட்டயே இருக்கட்டும். களை நின்னா லாரி நிக்கும். கோவிச்சுக்கக் கூடாது."

"நான் எதுக்குப்பா கோவிச்சுக்கப் போறேன்? கோவிச்சுக்கறதுக்குக்கூட கொஞ்சம் குனியணும்."

அவர் போன பிறகு கண்டக்டர் யோசனை சொன்னான். "கடையில களைக்கொல்லி கேன் விக்குதுக்கா. ஒரு தடவை அடிச்சா வேலை முடிஞ்சுது."

"கேன் மேல மண்டை ஓடு படம் போட்டிருக்கு, பாத்தியா? வரப்பை ஒட்டிக் கிணறு இருக்கு, அதையும் பாத்தியா? வாங்கிட்டு வா, தம்பி. அடிச்சுட்டு, அந்தக் கிணத்துத் தண்ணியில டீ போட்டு மொதல் டம்ளர் உனக்குத்தான்."

கண்டக்டர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கேனை அங்கேயே விட்டுக் கிளம்பிவிட்டான். நாத்தனார் மட்டும், தம்பி போனதும், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அந்த நிலத்தை விட்டால் அவளுக்குத் தம்பி வீட்டுக் கூடத்து மூலைதான். மூலையில் உட்காருகிற சாதுவான பிறவி இல்லை அவள். இது நீலக்கைக்கு நன்றாகவே தெரியும். அந்த மூலை அவள் வீட்டு மூலை அல்லவா?

*

பட்டறைச் சுவரோரத்தில் பக்கத்து எண்ணெய் ஆலைக்காரர்கள் சூரியகாந்தித் தட்டைகளையும் காய்ந்த இலைகளையும் மலைபோலக் கொட்டி வைத்திருந்தார்கள். மழை பெய்தால் அந்தக் குவியலில் ஊறிய தண்ணீர் சரிவில் இறங்கி வெங்காய நிலத்தைப் பார்த்து ஓடும். நீலக்கை மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு அங்கேதான் உட்காருவாள். மற்றவர்கள் கண்ணுக்கு அது குப்பை. அவள் கண்ணுக்கு, தண்ணீர் ஓடிய அந்தத் தடம் நனைந்த துணியில் சாயம் ஓடின மாதிரி இருந்தது.

குவியலின் காலடியில் ஒரு புல் இல்லை. மண் மொட்டையாகக் கிடந்தது. தண்ணீர் ஓடிய தடத்தில் கொஞ்ச தூரம் வரை அப்படியே. அப்புறம் அங்கொன்று இங்கொன்றாக நோஞ்சான் புல். தடம் அகன்று, தண்ணீர் மெலிந்து, மண்ணோடு கலந்துபோகிற இடத்தில் மட்டும், சுற்றுவட்டாரத்தில் எங்கேயும் இல்லாத அடர்த்தியில், கரும்பச்சையில், முழங்கால் உயரத்துக்குப் புல்.

அவள் சாப்பாட்டை மறந்தாள். சாயத்தொட்டியில் இதுதானே நடக்கும்? முதலில் முக்கியெடுக்கிற துணி அடர்நிறம் குடிக்கும். மிச்சத் தண்ணீரில் அடுத்த துணி இளநிறம். அதற்கும் மிச்சத்தில் கடைசித் துணி, பூவிதழ் மாதிரி. ஒரே சரக்கு, மூன்று வேலை. இங்கே முதல் தண்ணீர் முளையை அமுக்குகிறது. கடைசித் தண்ணீர் ஊட்டி வளர்க்கிறது.

அன்று சாயங்காலமே நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணி, எனக்கு ரெண்டு பாத்தி குடுங்க."

"எதுக்குடி? நீல வெங்காயம் போடப் போறியா?"

"களைக்கு ஒரு தண்ணி, பயிருக்கு ஒரு தண்ணி. ரெண்டும் அந்தக் குப்பையிலேர்ந்து."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன் புருஷன் சொல்றதையே நான் நம்பறதில்ல. நீ அவனையும் மிஞ்சிட்ட. சரி, சுவரோரத்து ரெண்டு பாத்தி. தொட்டியில முக்கி எடுத்தியோ, தொலைச்சிடுவேன்."

நீலக்கை புதுசாக மூன்று பிளாஸ்டிக் டிரம் வாங்கினாள். பட்டறைப் பாத்திரம் ஒன்றைக்கூட வயல் பக்கம் கொண்டுவரவில்லை. சாயப்பொடி ஒரு தூசி மண்ணில் விழுந்தாலும் அண்ணிக்கு முன்னால் அவளே தன்னைத் தொலைத்துவிடுவாள். தட்டையையும் இலையையும் நறுக்கி, ஊறவைத்து, துணியில் வடிகட்டி முதல் தண்ணீர் எடுத்தாள். அதே நறுக்கலில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாவது, அப்புறம் மூன்றாவது.

இதுவரைக்கும் எல்லாம் சரி. அந்த நேரம் பார்த்துப் பட்டறைக்கு அவசர ஆர்டர் ஒன்று வந்தது. பள்ளிக்கூடச் சீருடைத் துணி. நிறம் துளி பிசகினால் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள் என்று முதலாளி அவளை வாசல் தாண்ட விடவில்லை. டிரம்கள் மூடியில்லாமல் வெயிலில் கிடந்தன. மூன்று தண்ணீரில் முதல் தண்ணீர் மட்டும் நாளுக்கு நாள் கறுத்துக் கறுத்து, கடைசியில் பால் விடாத கட்டங்காபி மாதிரி ஆகிவிட்டது. உபகாரத்துக்குப் பேர்போன கண்டக்டர் ஒருநாள் லீவு போட்டு, மூன்றாவது டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, அதில் புதுத் தட்டை நறுக்கிப்போட்டு ஊறவைத்து வடித்து வைத்தான். அது வைக்கோல் நிறத்தில், வெளிறி நின்றது.

ஆர்டர் முடிந்து அவள் ஓடிவந்த அன்று, கண்டக்டர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வாசலிலிருந்தே கத்தினான்: "அந்த வெளிறினது இருக்கே, அதுதான் புதுச் சரக்கு!"

"நிறத்தைப் பத்தி எனக்கே பாடமா? போங்க, பஸ் போயிடும்."

கறுத்தது வீரியம், வெளிறியது மென்மை. இத்தனை வருஷம் அவள் கண் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. கறுத்த தண்ணீரைக் களை முளைக்கிற இடைவெளியில் ஊற்றினாள். வெளிறிய தண்ணீரை வெங்காய நாற்றின் மேல், குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைக்கிற பக்குவத்தில், ஊற்றினாள்.

சீக்கிரமே முடிவு தெரிந்துவிட்டது. களை, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி, கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தது. நாற்று மஞ்சளடித்து, நுனி சுருண்டு, மண்ணில் தலை சாய்த்துவிட்டது.

நாத்தனார் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மாள் வரப்பில் நிமிர்ந்து நின்று, செத்த நாற்றைக் கிட்டத்தில் பார்க்கக் குனிய முடியாமல், கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள்.

"என் களைக்கு விருந்து வெச்சு, என் பயிரைப் பட்டினி போட்டுட்ட. இதுக்கு லாரிக்காரனே தேவலை. சொல்லிட்டாவது செய்றான்."

நீலக்கை கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துப் பாத்தியைக் கழுவினாள். கொஞ்சம் பிழைத்தது. நிறையப் போய்விட்டது.

*

மறுநாள் பட்டறையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. முன்னால் ஒரு சாயத்தொட்டி. துணி இறக்குவதற்கு முன்னால் உதவியாள் வழக்கம்போல ஒரு மாதிரித் துண்டை நீட்டினான். அதை முக்கி, அலசி, காயவைத்துப் பார்த்த பிறகுதான் முழுத் துணியும் இறங்கும். தொட்டிக்குள் தெரிகிற நிறத்தை நம்பி ஒருவரும் துணி இறக்குவதில்லை, அவள் உட்பட. துணி குடித்துக் காட்டினால்தான் நம்பிக்கை.

அவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த டிரம்களில் அவள் எதையும் முக்கிப் பார்க்கவே இல்லை! கண்ணுக்கு நிறம்தான் தெரியும். நிறத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கிற வீரியம் கண்ணுக்கு எப்படித் தெரியும்? வெயிலில் கிடந்து, நுரைத்து, கறுத்துப்போன தண்ணீரில் வீரியமெல்லாம் செத்து நிறம் மட்டும் மிஞ்சியிருந்தது. வெளிறிய புதுத் தண்ணீர்தான் சட்டைக்குள் கத்தி வைத்திருந்தது.

வீட்டில் பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டு போட்டாள். ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு தண்ணீரில் நனைத்து, மேலே கடுகு தூவி, கூட வெங்காய விதையும் களை விதையும் கொஞ்சம் போட்டு, மடித்து, தட்டுகளில் வைத்து மூடினாள். எது எந்தத் தண்ணீர் என்று தெரிய ஓரத்தில் முடிச்சு: பழையதற்கு ஒரு முடிச்சு, புதியதற்கு இரண்டு, புதியதில் நிறையத் தண்ணீர் கலந்ததற்கு மூன்று. வெறும் கிணற்றுத் தண்ணீருக்கு முடிச்சே இல்லை. சாயப்பட்டறையில் அடையாளம் வைப்பது அப்படித்தான். காகிதம் நனைந்தால் போய்விடும், முடிச்சு போகாது.

அடுப்படி முழுக்கத் தட்டு. கண்டக்டர் ஒருநாள் விடியற்காலை அவசரத்தில் முகம் கழுவிவிட்டுக் கைக்குக் கிடைத்த ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனான். மீசையில் ஒட்டிய கடுகு, பஸ் கடைசி நிறுத்தம் சேருவதற்குள் இரண்டிலை விட்டுவிட்டதாகவும், ஒரு பெரியவர் 'செடிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா' என்று கேட்டதாகவும் அந்த ரூட்டில் இன்றைக்கும் பேச்சு. இலை விட்டது பொய்யாக இருக்கலாம். கடுகு ஒட்டியது சத்தியம். சாயங்காலம் அவள் மீசையைப் பிரித்துத் தேடியதைத் தெருவே பார்த்தது.

"எத்தனை முடிச்சுத் துணின்னாவது பாத்தீங்களா?"

"மூஞ்சி துடைக்கிற துணியில முடிச்சு எண்ணுற ஆம்பளையை நீ பாத்திருக்கியா?"

மூன்று முடிச்சுத் துணிதான் காணோம். அதை மறுபடி போட்டு, காத்திருந்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரு முடிச்சில், அந்தக் கறுத்த தண்ணீரில், எல்லா விதையும் ஆனந்தமாக முளைத்து வேர் பின்னிக் கிடந்தது. இரண்டு முடிச்சில், வெளிறிய புதுத் தண்ணீரில், பாதி விதை வாயே திறக்கவில்லை. திறந்தவற்றுக்கும் வேர் கருகிய நூல்மாதிரி. மூன்று முடிச்சில் வேர், வெறும் தண்ணீரில் வந்ததைவிட நீளம்.

தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு நாத்தனாரிடம் போனாள். அந்த அம்மாள் குனியக் கூடாதே என்று ஒவ்வொரு தட்டாக அவள் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள்.

"இது எந்தத் தண்ணி?"

"வெளிறின தண்ணி."

"இதைத்தான் என் நாத்து தலையில ஊத்துனியா?"

"ஆமா, அண்ணி. அவர் வாசல்லேர்ந்து கத்துனாரு. நான்தான் காதுல வாங்கல."

நாத்தனார் கடுகின் கருகிய வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைத் தள்ளினாள். "வாய் கூசாம ஒத்துக்கிறா பாரு. நான் வேற, நீ மழை மேல, மண்ணு மேல, என் தம்பி மேல பழி போடுவேன்னு காத்திருந்து, அப்புறம் நல்லாத் திட்டலாம்னு இருந்தேன். அதையும் கெடுத்துட்ட." வயல் பக்கம் கையைக் காட்டி, "மீதி எல்லாப் பாத்தியும் எடுத்துக்க. இனிமே நட்டப்பட என்ன இருக்கு?"

அப்புறம் அவள் செய்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும். வேர் பிடித்து வளர்ந்த களையை இந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. முளைக்கப் போகிற விதையையும் இளசான நாற்றையும்தான் அமுக்கும். அதனால் முதலில் கண்டக்டர் கையில் நீளக் காம்புக் கொத்தைக் கொடுத்து, வரிசைகளுக்கு நடுவே இருந்ததைச் சுரண்ட வைத்தாள். சுரண்டிய மண்ணில், நாற்றின் மேல் ஒரு துளி தெறிக்காமல், மூக்கு நீண்ட கெண்டியால் புதுத் தண்ணீர். வடித்த அன்றே ஊற்றிவிடுவாள், மிஞ்சினால் கவிழ்த்துவிடுவாள். நாற்றின் இலைக்கு, நிறைய நீர் கலந்த மெல்லிய தண்ணீர். ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்கு முன் துணியும் கடுகும் பார்த்தாக வேண்டும். விதை சரி என்று சொல்லாமல் ஒரு கெண்டி நகராது. பட்டறையில் நின்று நின்று வலிக்கும் காலோடு வந்து, இருட்டுகிற வரை வரிசை வரிசையாக நடப்பாள். களை அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் பத்து முளைக்கிற இடத்தில் இரண்டோ மூன்றோ முளைத்தது. அந்த இரண்டு மூன்றைக் கண்டக்டரின் கொத்து பார்த்துக்கொண்டது.

செத்த நாற்று இருந்த இடங்களில் மற்ற பாத்திகளில் நெருக்கமாக இருந்ததைப் பிடுங்கி நட்டாள். வெங்காயம் தெம்பாக எழுந்தது.

நடுவில் ஒரே ஒரு வரிசை இடைவெளியை மட்டும் அவள் தொடவில்லை. தண்ணீரும் இல்லை, கொத்தும் இல்லை. அங்கே களை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. சாயம் போடுகிறவர்கள் துணியின் ஒரு மூலையை வெள்ளையாக விட்டுவைப்பார்கள். அது இருந்தால்தான் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும்.

கைபடாத மிச்சம் என்றே நாத்தனார் நினைத்திருந்தாள். வேண்டுமென்றே விட்டது என்று தெரியவந்தது லாரிக்காரர் வருகிற அன்று காலையில்தான். நாற்காலியே துள்ளியது.

"ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? களை நின்னா லாரின்னு சொன்ன மனுஷன் வர்றப்ப, நட்ட நடுவுல களையை வளத்து வெச்சிருக்கியே! பிடுங்கு அதை!"

"மாட்டேன், அண்ணி."

"என் நிலம்டி!"

"அதனாலதான். அதைப் பிடுங்கிட்டா, இந்த வருஷம் களையே கம்மின்னு அவரு நெனைச்சுக்குவாரு. நீங்களும் நெனைப்பீங்க. அடுத்த வருஷம் எனக்கே சந்தேகம் வந்துடும். தண்ணி செஞ்சுதா, அதிர்ஷ்டம் செஞ்சுதான்னு எப்படித் தெரியும்?"

நாத்தனார் தானே பிடுங்கப் பார்த்தாள். இரும்பு வைத்த முதுகு பாதியில் நிறுத்திவிட்டது. நீலக்கை பதறிப்போய்த் தாங்கி, நாற்காலியில் உட்காரவைத்தாள். ஆனால் களையைத் தொடவில்லை. இருவரும் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது லாரிக்காரர் மொபெட்டை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

வந்தவர் வேறெங்கேயும் பார்க்கவில்லை. நேராக அந்தக் களை வரிசையில் போய் நின்றார்.

"களை நிக்குதே, அக்கா."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். நீலக்கைதான் எழுந்து போனாள்.

"நிக்குதுங்க. இதுக்கு ஒண்ணும் ஊத்தல. இந்தப் பக்கம் பாருங்க, அந்தப் பக்கம் பாருங்க. அங்கெல்லாம் ஊத்தினோம்."

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். வெங்காயத் தாள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிமிர்ந்து நிற்க, நடுவில் மண் தெரிந்தது. மறுபடி தன் காலடியைப் பார்த்தார். பேன்ட் முழுக்கக் களை விதை ஒட்டியிருந்தது. அந்தப் பெரிய உடம்பை மடக்கி மண்ணில் குந்தி, ஒரு வெங்காயத்தின் பக்கத்தில் மண்ணை விலக்கி, உருண்டு திரண்டிருந்ததைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னம்மா ஊத்துன?"

"ஆலைக்காரங்க கொட்டுன தட்டைத் தண்ணி."

"கிணறு?"

"நாங்க அதைத்தான் குடிக்கிறோம்."

அவர் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். "நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான். பயிர் நிக்கிற இடம் அக்காவோடது. களை நிக்கிற இடத்துல என் வண்டி நிக்கும்." சொல்லிவிட்டு, மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்து, ஒரு முழம் அகலமுள்ள அந்தக் களை வரிசையில் செருகி, ஸ்டாண்ட் போட்டார். ஹேண்டில் இரண்டு பக்கமும் வெங்காயத் தாளைத் தடவியது. அப்புறம் சிரித்தார். ஷெட் தகரம் அதிர்ந்தது. ஆலைக்குவியல் மேலிருந்த காக்கைகள் பக்கத்து ஊர் வரைக்கும் பறந்துபோயின.

நாத்தனார் அழுதாள். அழுவது தெரியக்கூடாது என்று சத்தமாகத் திட்டினாள். "ஸ்டாண்டை மண்ணுல அழுத்தாதேப்பா! வேரு போகுது!"

"அண்ணே," என்றாள் நீலக்கை. "வண்டியை அடுத்த வரப்புல விடுங்க. இந்த வரிசை எனக்கு அறுவடை வரைக்கும் இப்படியே வேணும்."

லாரிக்காரர் அவளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், மொபெட்டை வெளியே எடுத்தார். போகும்போது, வீட்டு ரோஜாவுக்கு அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "மொதல்ல ஒரு துணியை நனைச்சு அதுல கடுகு போட்டுட்டு வா. முளைச்ச பிறகு பேசலாம். இங்க கண்ணால பாத்து எதுவும் குடுக்கிறதில்ல."